மாட்டுக்குக் கேதம் கேட்கும் சங்கம்

காப்பீட்டுத் தொழிலில் மனுஷருக்குப் பாலிசி போடுகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். செத்தவர் எழுந்து வந்து ஆபீஸ் வாசலில் சண்டைக்கு நிற்கமாட்டார். நான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறவள். சாவது மாடு, வருவது மாட்டுக்காரர்.

பேங்க் கவுண்டரிலும் ரேஷன் கடையிலும் கரண்ட் ஆபீஸிலும் உட்கார்ந்து, "உங்களுக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்?" என்ற கேள்வியை நாள்தோறும் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் வயிற்றெரிச்சல் புரியாது. இராமநாதபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கால்நடைக் காப்புச் சங்கம். ஊர் ஊராக ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கட்டுவார்கள். யாருடைய மாடாவது செத்தால் அந்தப் பொதுப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்போம். லாபம் பார்க்க முதலாளி என்று ஒருத்தர் கிடையாது என்று வாசல் போர்டிலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகல்லவா தெரிந்தது, சந்தா கட்டின அத்தனை பேரும் முதலாளி, நான் ஒருத்திதான் வேலைக்காரி!

போன பெருமழைக்குப் பிறகு இந்தச் சங்கமே இருக்குமா, இழுத்து மூடிவிடுவார்களா என்று ஆகிவிட்டது. அதோடு சேர்ந்து வேலம்மாள் என்கிற ஒரு பொம்பளையின் பிழைப்பும் ஊசலாடியது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். ஆனால் எங்கள் முதலாளிமார் எப்படிப்பட்டவர்கள் என்று முதலில் சொல்லாவிட்டால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள்.

சண்டையில் பிறந்த பிள்ளை

எங்கள் தலைவர் சேதுராமு மாமா. யாருக்கு என்ன முறையோ, எல்லோருக்கும் அவர் மாமாதான். சங்கம் எப்படித் தொடங்கியது என்று அவர் சொன்னபோது முதலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், உழவு நேரத்தில் இடி விழுந்து ஒருத்தருடைய உழவுமாடு செத்துப்போனதாம். ஊரே சேர்ந்து வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று போட்டு, விற்று, அவருக்கு வேறு மாடு பிடித்துக் கொடுத்ததாம். அடடா, என்ன மனசு என்று நினைத்தேன்.

மாமா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த வருஷமே இன்னொருத்தர் மாட்டைப் பாம்பு கடித்தது. அவர் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார். "உன் மாடு கிழட்டு மாடு, அதுக்கெல்லாம் நெல் கிடையாது" என்று யாரோ சொல்ல, பேச்சு வளர்ந்து, கைகலந்து, ஊர் இரண்டுபட்டுவிட்டது. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் சந்தா, விதி, கையெழுத்து எல்லாம் வந்ததாம். இதில் வேடிக்கை, அந்த முதல் மாடு எங்கள் ஊர் மாடுதான் என்று இன்றைக்கும் பல ஊர்க்காரர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள். "அப்ப சங்கம் வந்ததும் சண்டை தீர்ந்துபோச்சா மாமா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

"எங்கன தீருது? முன்னாடி சும்மா சண்டை போட்டாய்ங்க. இப்ப ரசீதைக் காட்டிச் சண்டை போடுறாய்ங்க."

ஒத்தைக் கம்மல்

பதிவு செய்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் காதில் நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று மாட்டுவோம். ஆபீஸில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். ஊரில் அது கம்மல். அதனால் நான் கம்மல்காரி. ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் "கம்மல்காரி வந்துட்டா, மாட்டை ஒளிச்சுக் கட்டு" என்று குரல் கேட்கும். காது குத்துவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. சில பேர் மாடு கத்துவதற்கு முன்னால் தாங்களே அழுதுவிடுவார்கள்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு ஊரில் கருப்பையா அண்ணன் வீட்டுச் செவலைப் பசுவுக்குக் கம்மல் போட்டேன். போட்டு முடித்து ரசீது எழுதிக்கொண்டிருந்தால், அவர் சம்சாரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு காதுக்கும் போட்டால்தான் ஆச்சு என்று நிற்கிறார். ஒரு மாட்டுக்கு ஒரு நம்பர்தான், இரண்டு போட்டால் இரண்டு மாடு என்று ஆகிவிடும் என்றேன். அதெல்லாம் உங்கள் ஆபீஸ் கவலை என்றுவிட்டார். நம்பர் இல்லாத வில்லை ஒன்றாவது கொடு என்றார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அவர் என் காதைப் பார்த்தார், மாட்டின் காதைப் பார்த்தார்.

"ஏத்தா, நீ மட்டும் ரெண்டு காதுலயும் போட்டுக்கிட்டு வந்திருக்க. எம் பொண்ணு மட்டும் ஒத்தைக் கம்மலோட எப்படித்தா தெருவுல நடக்கும்?"

வாரேன் என்று சொன்ன பாவம்

துக்க வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம். மாடு செத்தால் நானும் பக்கத்து உறுப்பினர்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்து, சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது சங்க விதி. விதியை எழுதியவர்கள் அதைச் சோதனை என்று நினைத்து எழுதினார்கள். ஊர் அதைக் கேதமாக மாற்றிவிட்டது. சாட்சிக்கு வருகிற ஆண்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் பேசாமல் உட்காருவார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து, "பால் பாலாக் கொட்டுனியே ராசாத்தி" என்று அழுவார்கள். நடுவில் நான், போனை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கங்க, காது தெரியணும்" என்று கேட்கவேண்டும். இதைவிடக் கேவலமான பிழைப்பு உண்டா, சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு வீட்டில் எல்லாம் முடிந்து, மரியாதையாகக் கிளம்ப வேண்டுமே என்று, "சரிங்க, போயிட்டு வாரேன்" என்று கும்பிட்டேன். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. கேத வீட்டில் வாரேன் என்று எவளாவது சொல்வாளா? சொல்லாமல் எழுந்து போகவேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மாட்டுக்கும் அது உண்டு என்று யார் கண்டது! என் கெட்ட நேரம், அந்த வாரமே அதே தொழுவத்தில் ஒரு கிடாரியும் விழுந்துவிட்டது. மறுபடி போனேன். வேலையை முடித்துக்கொண்டு எழுந்தபோது அந்த வீட்டம்மா வாசல் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

"இந்தத் தடவையாவது வாயைப் பொத்திக்கிட்டுப் போத்தா. உள்ள இன்னும் ஒரு கன்னுக்குட்டி கிடக்கு."

வேலம்மாள் சாட்சி

கருப்பையா அண்ணனுக்கு அடுத்த வீடு வேலம்மாள் அக்கா. புருஷன் இல்லை. செம்மறி வைத்துத்தான் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தார், இன்னொருத்தியைப் படிக்க வைக்கிறார். அவர் வாய் நீளம் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ஒரு கோடையில் கருப்பையா அண்ணனின் செவலைப் பசு செத்துப்போனது. சாட்சிக்கு அக்காவைக் கூப்பிட்டோம். வந்தார், பசுவின் வாயைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், எதிரே இருந்த சோளக் கொல்லையையும் பார்த்தார். தண்ணீர் காணாமல் வாடின இளஞ்சோளத்தை மேய்ந்தால் மாடு பிழைக்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாட்டை அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டது கவனக்குறைவு. கவனக்குறைவு என்றால் பாதிப் பணம்தான்.

நான் அக்காவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனேன். நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டிய பக்கத்து வீடு, நோய் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், நானேதான். கருப்பையா அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா மசியவில்லை. சோளம் தின்றுதான் செத்தது என்று ஊர் கேட்கச் சொல்லி, அப்படியே எழுதவும் வைத்துவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. போகிறபோது என்னிடம் சொன்னார்:

"பொதுப்பணத்துல எங்காசும் கிடக்குத்தா. வேணும்னா அவன் மாட்டுக்கு ரெண்டு நாள் கூட அழுதுட்டுப் போறேன், பொய்ச்சாட்சி மட்டும் சொல்ல மாட்டேன்."

கடலுக்கு யார் சாட்சி

ஒரு தடவை அக்காள்மடத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறீர்களே, என் வள்ளத்துக்கும் போட்டால் என்ன என்று கேட்டார். நியாயம்தான். மாமா அதைப் பெரிய மனசோடு கமிட்டியில் வைத்தார். கமிட்டியில் எல்லோரும் நிலத்தை உழுகிற சம்சாரிகள். வள்ளத்துக்குக் கம்மல் எங்கே குத்துவது என்பதிலேயே அரைநாள் போய்விட்டது. அப்புறம் ஒருத்தர், வள்ளம் நடுக்கடலில் முழுகினால் சாட்சிக்குப் பக்கத்து உறுப்பினர் எப்படிப் போவார் என்று கேட்டார். அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். மீனவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வள்ளம் சேரவில்லை. அவர் வீட்டு ஆடுகளைச் சேர்த்துக்கொண்டோம். பணத்தைக் கட்டிவிட்டு, படியில் இறங்குகிறவர் நின்று திரும்பினார்.

"முழுகுறப்ப பக்கத்துல கடல் ஒண்ணுதான்யா இருக்கும். அடுத்த தடவை அதையும் கையோட கூட்டியாரேன், கையெழுத்து வாங்கிக்கங்க."

கண்ணைச் சிமிட்டும் கம்பெனி

அப்புறம் வந்தது மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனி. அதாவது கம்பெனி வரவில்லை, இன் பண்ணின சட்டையோடு ஒரு தம்பி வந்தார். எங்கள் சங்கத்தை அவர்களோடு சேர்த்துக்கொள்ளத் தயாராம். சந்தா குறைவு. சாட்சி வேண்டாம். மாடு செத்தால் அதன் பக்கத்தில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். சாட்சி வேண்டாம் என்றால் கம்மல்காரியும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

கருப்பையா அண்ணன் ஊருக்கே வந்து செய்தும் காட்டினார். செத்த மாடு கைவசம் இல்லாததால், படுத்து அசைபோட்ட எருமை ஒன்றைச் செத்ததாக வைத்துக்கொண்டார்கள். எருமைக்காரர் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் நின்றார். நிற்பது உயிருள்ள ஆள்தானா என்று தெரிய வேண்டுமாம். கண்ணைச் சிமிட்டு என்றது போன். பெரியவர் முறைத்தார். "மாடு செத்துக் கிடக்கையில கண்ணைச் சிமிட்டுனா ஊரு என்னைய என்ன நினைக்கும்?" என்று விலகிப் போய்விட்டார். எல்லோரும் சிரித்தோம். கருப்பையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நல்லாவே சிமிட்டுறேன், தம்பி. அந்தப் போனு எதுத்தாப்புல இருக்குற சோளக் கொல்லையை எட்டிப் பாக்காதுல்ல?"

மழை

கார்த்திகையில் அந்த மழை பெய்தது. கண்மாய் உடைத்துக்கொண்டு, கரையோரப் பட்டியில் அடைத்திருந்த வேலம்மாள் அக்காவின் செம்மறிகளை விடிவதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் போனபோது கருவேல முள்ளில் சிக்கி, வயலில் ஒதுங்கி, ஊதிக் கிடந்தன. மூன்றோ நாலோ மேட்டில் ஏறித் தப்பித்திருந்தன. அவை நடுங்கிக்கொண்டு அக்காவின் சேலையை உரசி நின்றன. அக்கா வாய் மூடி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். கருப்பையா அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தள்ளி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகையில், "செத்தது நிசம். மத்ததைப் பொதுக்குழுவுல பேசிக்கிறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். பசு விஷயத்தின் பழைய கணக்கை அங்கே தீர்க்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. எத்தனையோ ஊரில் இதே கதை. சங்கத்தில் இருந்த பணம் எல்லோருக்கும் காணாது. அப்படி ஆனால் எல்லா உறுப்பினரும் கூடுதலாக ஒரு சந்தா போடவேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. அதுவரை அதைத் தொட்டதே இல்லை. உறுப்பினர்கள் மாட்டேன் என்றால் சங்கத்தை மூடிவிட்டுக் கம்பெனியோடு சேர வேண்டியதுதான். கம்பெனிக்கு உயிரோடு இருக்கிற ஆடு மாடு மட்டும்தான் வேண்டும், செத்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. அக்காவுக்கு ஒரு பைசா வராது. சின்ன மகள் படிப்பு என்ன ஆகும்? கம்மல் நம்பரைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன். அக்கா என் முதுகில் கை வைத்தார்.

"அழுகாதத்தா. நீ அழுதா சங்கத்துல பணம் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போகுது."

பொதுக்குழு

இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. சங்கம் உண்டா இல்லையா என்பதைக் கை தூக்கிச் சொல்லவேண்டும். கம்பெனித் தம்பியும் திரை கட்டித் தயாராக இருந்தார். கூடுதல் சந்தா என்று மாமா வாயைத் திறந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்கள். கம்மல் கழன்று விழுகிறது. காபியில் பால் இல்லை. மாமாவுக்கு வயசாகிவிட்டது. நான் போனை எடுப்பதில்லை. நம் மாடு கல்லு மாதிரி நிற்கையில் எவன் ஆட்டுக்கோ நாம் ஏன் அழ வேண்டும்? ஒருத்தருக்கு ஒருத்தர் கைதட்டல் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அத்தனை பேரும் முதலாளி ஆயிற்றே, எப்படிக் கேட்பது?

கருப்பையா அண்ணன் எழுந்தார். அவர் பேச்சுக்கு அவர் ஊர்ப்பக்கத்து ஆட்கள் மொத்தமும் கட்டுப்படும். "ஒரே ஒரு விஷயம். என் பசு விஷயத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு இந்த அம்மா இங்கன வைச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் மொதல்ல கையைத் தூக்குறேன்" என்றார். எல்லோரும் வேலம்மாள் அக்காவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். எனக்கு அவர் காலைப் பிடித்துக் கெஞ்சலாம் போல இருந்தது. சொல்லித் தொலையக்கா, யார் கேட்கப் போகிறார்கள், ஆடு எல்லாம் போச்சு, மகள் இருக்கிறாள்!

அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "உன் பசு சோளம் தின்னுதான் செத்துச்சு" என்றார். உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பெனித் தம்பி லேப்டாப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், கருப்பையா அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! முகம் மட்டும் கடுகடு என்று இருக்கிறது. அவரைப் பார்த்து அவர் ஊர்க்காரர்கள் தூக்கினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். மாமா எண்ணாமலேயே, தீர்மானம் நிறைவேறியது என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கருப்பையா அண்ணன் கையை இறக்காமல், அக்கா பக்கம் திரும்பாமல், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீகளா, ஆட்டையெல்லாம் தண்ணிக்கு வாரிக் கொடுத்தும் இந்தப் பொம்பளை வாயில ஒரு பொய் வரலை. இவ செத்துச்சுன்னு சொன்னா செத்ததுதான். பணத்தைக் கொடுத்துத் தொலைங்கய்யா!"

பரஸ்பரக் காப்பீடு என்றால் என்ன என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், நமக்கு ஆகாதவருடைய ஆட்டுக்கு நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கட்டுவது என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.